யோசனை சொன்னவருக்கு ஒரு பதில்



இந்த ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள், வேலையிடத்தில் புத்தாக்கத்தை வளர்ப்பது எப்படி என்பது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்து தொடங்குவார்கள். அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்கும் பக்கத்திலேயே இருக்கும் ஜாமே சூலியா பள்ளிவாசலுக்கும் வந்துபோகிற நமக்கெல்லாம் சைனாடவுன் பாயிண்ட் கடைத்தொகுதி தெரியும். அதன் நான்காம் தளத்தில் ஒரு பொது நூலகம் இருக்கிறது. 2013 ஜனவரியில் திறந்தார்கள். சீனக் கலைக்கும் பண்பாட்டுக்கும் என்றே அமைந்த நூலகம். அதற்கான செலவில் வாட்டர்லூ ஸ்திரீட்டின் குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் கடைத்தொகுதியின் உரிமை நிறுவனமும் பங்கேற்றன. அன்றாட வேலைகளைப் பெரும்பாலும் தொண்டூழியர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துடன் அது தொடங்கப்பட்டது.

உள்ளே போய்ப் பாருங்கள். இரவல் கொடுக்க ஆள் உட்கார்ந்திருக்கும் முகப்பு இருக்காது. ஒரு கோயில், ஒரு கடைத்தொகுதி, ஓய்வு பெற்ற சில மூத்தோர், ஓர் அரசாங்க வாரியம் ஆகிய நான்கு தரப்பும் சேர்ந்து ஒரு நூலகத்தை நடத்தலாம் என்று ஒருவர் ஓர் அலுவலகக் கூட்டத்தில் முதலில் சொல்லியிருப்பார். எந்த அலுவலகத்திலும் அப்படிச் சொல்கிறவருக்கு உடனே கிடைக்கக்கூடிய மறுமொழி நமக்குத் தெரியும். "நடக்கிற காரியமா இது?" என்பார்கள். பொது நூலகங்களை நடத்தும் தேசிய நூலக வாரியத்தில் அது நடந்தது. ஏன் நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இன்று நான் சொல்ல வந்ததில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எண்பதுகளின் நூலகத்தை மறந்திருக்க முடியாது. எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வரிசை. அது முடிந்ததும் புதிதாக எடுக்க இன்னொரு வரிசை. பழைய புத்தகம் கணக்கில் கழிந்தால்தான் புதியதை எடுக்க முடியும். ஆகவே சனிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் புத்தகம் தேடிய நேரத்தைவிட வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம். முகப்பில் உட்கார்ந்திருந்தவரின் நிலையும் அப்படித்தான். அட்டையைத் திறப்பது, குறிப்பது, மூடுவது, தள்ளுவண்டியில் அடுக்குவது. நூலகத்தைப் பற்றி எதையும் கேட்க வந்தவருக்கு அவர் நிமிர்ந்து முகம் காட்டக்கூட நேரமில்லை.

1992இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. டான் சின் நாம் தலைமையிலான அந்தக் குழு 1994இல் 'நூலகம் 2000' என்ற அறிக்கையைக் கொடுத்தது. 1995 செப்டம்பர் 1ஆம் தேதி தேசிய நூலக வாரியம் பிறந்தது. முதல் தலைமை நிர்வாகி கிறிஸ்டஃபர் சியா. கடைத்தொகுதிகளில் நூலகம் திறக்கும் வழக்கம் அந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. மக்கள் வந்து குவிந்தார்கள். வரிசை இன்னும் நீண்டது. வெற்றி பெற்ற இடத்துக்கே வரும் சிக்கல் இது.

முகப்பைக் கூட்டு, ஆளைக் கூட்டு என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. வாரியத்தார் வரிசையை விரைவாக நகர்த்துவதை விட்டுவிட்டு, வரிசையே எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் வானொலி அலையால் அடையாளம் சொல்லும் மெல்லிய சில்லு ஒன்றை ஒட்டுவது என்று முடிவாயிற்று. ஆர்எஃப்ஐடி என்று இன்று எல்லாக் கிடங்குகளிலும் பேசப்படும் தொழில்நுட்பம்தான். 1998இல் புக்கிட் பாத்தோக்கில் புதிதாகத் திறந்த நூலகத்தில் அதை முதன்முதலாக முழுமையாகப் பயன்படுத்தினார்கள். உலகப் பொது நூலகங்களில் அதுவே முதல் என்று கூறப்படுகிறது.

அது வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். நூலகத்துக்கு வெளியே சுவரில் ஒரு துவாரம். புத்தகத்தை அதில் போடுகிறீர்கள். அது சரிந்து உள்ளே போகும்போதே கருவி படித்து உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. நீங்கள் கதவைத் தள்ளி உள்ளே நுழையும்போது புதிய புத்தகம் எடுக்கும் உரிமையோடு நுழைகிறீர்கள். இரவு பதினொரு மணிக்கும் திருப்பிக் கொடுக்கலாம். எந்த நூலகத்தில் எடுத்ததையும் எந்த நூலகத்திலும் போடலாம். முதல் வரிசை இல்லாமல் போயிற்று. இரண்டாம் வரிசைக்குப் பதில் வாசகர் தாமே பதிந்துகொள்ளும் இயந்திரம் வந்தது. 2002க்குள் எல்லாப் பொது நூலகங்களும் இந்த முறைக்கு மாறிவிட்டன. அந்த ஆண்டு இறுதியில் செங்காங்கில், வாசகர் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ளும் நூலகம் ஒன்றைத் திறந்தார்கள். உதவி வேண்டுமென்றால் தொலைபேசியை எடுத்தால் வேறோர் இடத்தில் இருக்கும் நூலகர் பேசுவார். 2016இல் பாசிர் ரிஸ் நூலகத்தில், இரவில் அலமாரிகளுக்கிடையே ஊர்ந்து இடம் மாறிய புத்தகங்களைக் கண்டுபிடிக்கும் தானியங்கி இயந்திரத்தைச் சோதித்தார்கள். அந்த இயந்திரம் படித்தது, 1998இல் ஒட்டத் தொடங்கிய அதே வகைச் சில்லைத்தான்.

இதில் மூன்று விஷயங்கள் என் மனத்தில் நிற்கின்றன. ஒன்று, அவர்கள் எல்லா நூலகங்களிலும் ஒரே நாளில் தொடங்கவில்லை. புதிதாகத் திறக்கும் ஒரே இடத்தில் செய்து பார்த்தார்கள். தவறியிருந்தால் பாதிப்பு ஒரே இடத்தோடு போயிருக்கும். புதிய முயற்சிக்குத் துணிச்சல் வேண்டும் என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். ஊழியருக்குத் துணிச்சலைக் கொடுப்பது, தவறினாலும் தாங்கக்கூடிய அளவில் முயற்சியை வகுத்துத் தருவதுதான். அது நிர்வாகத்தின் பொறுப்பு.

இரண்டாவது விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரவல் முகப்பில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? வாசகருக்கு வழிகாட்டும் வேலைக்கும், தகவல் தேடித் தரும் வேலைக்கும், நிகழ்ச்சி நடத்தும் வேலைக்கும் அவர்கள் மாற்றப்பட்டார்கள். தன் யோசனை தன் வயிற்றில் அடிக்கும் என்று தெரிந்த பிறகு எந்த ஊழியரும் வாய் திறக்க மாட்டார். அவர் கோழையல்ல, பிள்ளை குட்டிக்காரர். இன்று செயற்கை நுண்ணறிவு வந்து நிற்கும் நேரத்தில் "உங்கள் வேலையை எப்படி எளிதாக்கலாம், சொல்லுங்கள்" என்று ஊழியர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் நிறுவனங்கள், அந்தக் கேள்விக்கு முன்பாகவே இன்னொன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேலை எளிதானபின் மிச்சமாகும் நேரத்தில் அந்த ஊழியர் என்ன செய்யப்போகிறார்? இதற்குப் பதில் வைத்திருக்காத முதலாளி முதல் கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நேர்மை.

மூன்றாவது, வெளியாட்களை உள்ளே விடும் மனம். 2014இல் ஆர்ச்சர்ட் நூலகத்தை மறுபடி திறந்தபோது அதன் வடிவமைப்புக்கு சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் துணையை நாடினார்கள். நமக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல் அருண் மகிழ்நன் தலைமையில் தமிழ்ச் சமூகத்தினர் ஒன்றுகூடி, 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐ மின்வடிவமாக்கினார்கள். எழுத்தாளர்களிடமும் அவர்களின் குடும்பங்களிடமும் இசைவு வாங்கியாக வேண்டும். பரணில் கிடந்த பிரதியைத் தேடியாக வேண்டும். எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். இதில் பெரும்பகுதியைத் தொண்டூழியர்கள் சுமந்தார்கள். நூலக வாரியம் தன் களஞ்சியத்தில் அதற்கு இடமும் தொழில்நுட்பமும் கொடுத்தது. யோசனை வாரியத்தின் ஊழியரிடமிருந்து வரவில்லை. அதற்காக அதைத் தள்ளிவிடவும் இல்லை. நம் மொழியின் ஐம்பது ஆண்டு உழைப்பு அழியாமல் நிற்பதற்கு அந்த மனம் காரணமாக இருந்திருக்கிறது. நன்றியோடு இதைச் சொல்கிறேன்.

இப்படி ஒரு வாரியம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன்பே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுப் பயிற்சி இந்த நாட்டில் நடந்திருந்தது. 1981இல் பொதுச் சேவையில் வேலை மேம்பாட்டுக் குழுக்கள் வந்தன. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலையின் குறைகளைத் தாங்களே ஆராயும் முறையைப் பார்த்து வந்த யோசனை அது. எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியது. அதன் சின்னமான டீமி என்ற தேனீயை அன்றைய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். சுவரொட்டி, பாட்டு, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் அந்தத் தேனீ பறந்தது. 1995இல் 'பிஎஸ் 21' என்ற பொதுச்சேவைச் சீரமைப்பு வந்தது. லிம் சியோங் குவான் அதன் பின்னணியில் இருந்த முக்கிய அதிகாரி. ஓர் அதிகாரிக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி என்ற இலக்கை அது வைத்தது. 2000இல் பிரதமர் அலுவலகத்தின் கீழ் ஒரு தனி நிதி உருவானது. தன் சொந்த வரவுசெலவில் துணிந்து செய்ய ஓர் அமைப்பு தயங்கும் யோசனைகளுக்கு அதிலிருந்து பணம் கொடுத்தார்கள். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு அது. தோல்வியின் செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே தீர்த்துவைத்த ஏற்பாடு.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் போனால் உங்களை ஏமாற்றியவனாவேன். யோசனைகளை எண்ணத் தொடங்கிய இடங்களிலெல்லாம் யோசனை மெலிந்ததை நான் கண்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை யோசனை என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆண்டிறுதி நெருங்கும்போது விளக்கை அணையுங்கள், காகிதத்தின் இரு பக்கமும் எழுதுங்கள் என்று படிவங்கள் வந்து குவியும். எல்லாம் நல்ல யோசனைதான், போன ஆண்டும் வந்த யோசனைதான். அதே நேரத்தில், உண்மையாகவே வேலையை மாற்றக்கூடிய ஒன்றை மார்ச் மாதம் எழுதிக் கொடுத்தவருக்கு டிசம்பர்வரை யாரும் பதில் சொல்லவில்லை. 'முடியாது' என்றுகூடச் சொல்லவில்லை. அவர் மறு ஆண்டு விளக்கை அணைப்பதைப் பற்றித்தான் எழுதிக் கொடுத்தார்.

இந்த உரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்து இதுதான். யோசனைப் பெட்டி வைப்பதாலோ பரிசு கொடுப்பதாலோ பண்பாடு வளர்வதில்லை. யோசனை சொன்னவருக்கு நாளாகாமல், காரணத்தோடு, முகம் பார்த்து ஒரு பதில் கிடைக்க வேண்டும். 'செய்யலாம்' என்ற பதிலாக இருக்கலாம். 'செய்ய முடியாது, காரணம் இது' என்பதாகவும் இருக்கலாம். மறுக்கப்பட்டவர் இன்னொரு முறை வருவார். மதிக்கப்படாதவர் வரமாட்டார்.

பதில் கிடைக்காத வேலையிடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகல், வட்ட ரயில்பாதைக்காகத் தோண்டப்பட்ட ஆழமான பள்ளத்தின் தடுப்புச் சுவர்கள் சரிந்து நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி உள்ளே விழுந்தது. நால்வர் இறந்தார்கள். ஃபோர்மேன் ஹெங் இயோ ஃபியோ தம் ஆட்களை விரட்டி விரட்டி வெளியேற்றிவிட்டுத் தாம் சிக்கிக்கொண்டார். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை 2005இல் வந்தது. சுவரைத் தாங்கிய எஃகுச் சட்டங்கள் சேரும் இடத்தின் வடிவமைப்பில் பிழை இருந்தது. அது பொறியியல் காரணம். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. சுவர் எவ்வளவு நகர்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். அளவு எச்சரிக்கை எல்லையைத் தாண்டியபோது கணக்கைத் திருப்பிப் போட்டு எல்லையை உயர்த்திக்கொண்டார்கள். சரிந்த நாளின் காலையிலேயே பள்ளத்துக்குள் விநோதமான ஓசை கேட்டிருக்கிறது. சட்டங்கள் நெளிவதைப் பார்த்திருக்கிறார்கள். சொல்லியும் இருக்கிறார்கள். கீழே இருந்தவர்கள் கண்டதற்கும் மேலே இருந்தவர்கள் முடிவெடுத்ததற்கும் நடுவே மணிக்கணக்காக இடைவெளி விழுந்தது.

புத்தாக்கம் பற்றிப் பேச வந்தவர் விபத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். "இது சரியில்லை" என்று சொல்லும் வாய்தான் "இதை இப்படிச் செய்யலாமே" என்றும் சொல்லும். முதலாவதை அடைத்துவிட்டு இரண்டாவதற்குப் பரிசு அறிவிப்பதில் பயனில்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் தொண்ணூறுகளில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகமாக இருந்தன. அங்கே பிழைகள் அதிகம் நடக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு தொழிற்கூடத்தில் குறைகளே பதிவாகவில்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கவலைதான் வருகிறது.

நிக்கல் நெடுஞ்சாலைக்குப் பிறகு சட்டம் மாறியது. 2006 மார்ச் முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அபாயத்தை உண்டாக்குகிறவரே அதைக் குறைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்டத்தால் முடிந்தது அவ்வளவு. மீதி நம்மிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் குறையை மறைக்காமல் பேசுவதை அருமையாகச் செய்துகாட்டிய இடம் ஒன்று இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன மனிதர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வயதில் தொடங்கினார். அங்கே அறுவைக் கூடத்துக்குள் இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒருவருக்குக் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரை இன்னொரு மேசையில் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் முதல் கண்ணை முடித்ததும் நுண்ணோக்கியைத் திருப்பி அடுத்த கண்ணுக்கு வருவார். அவர் செய்ய வேண்டியதை மட்டும் அவர் செய்கிறார். மற்ற அத்தனையையும் செய்கிறவர்கள் கிராமத்திலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள்.

அந்தப் பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களது வேகத்தையும் சிக்கனத்தையும் புகழ்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அரவிந்தில் அறுவைக்குப் பின் ஏற்படும் சிக்கல்களை மருத்துவர்வாரியாகப் பதிந்து, ஒன்றாக உட்கார்ந்து பேசும் வழக்கம் இருக்கிறது. மூத்தவர், இளையவர் என்ற பேதம் அந்தப் பதிவேட்டுக்குக் கிடையாது. தம் கையால் நேர்ந்த குறையைத் தலைமை மருத்துவரே அவையில் எடுத்து வைக்கும் இடத்தில், நேற்றுச் சேர்ந்தவருக்கும் பேச வாய் வரும். கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் கொடுத்து வந்துகொண்டிருந்த காலத்தில், 1992இல் அவர்கள் ஆரோலேப் என்ற கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். விலை பத்து டாலருக்கு இறங்கியது. இன்று அந்த வில்லைகள் உலகத்தின் பல நாடுகளுக்குப் போகின்றன. தாங்களே செய்து பார்க்கலாம் என்று சொல்ல முடிந்த இடம், அதற்கு முன் நூறு சிறு விஷயங்களைச் செய்து பார்த்துப் பழகிய இடம்.

சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றதும் இந்த வகைதான். இந்தியாவில் அந்தப் பரிசை வாங்கிய முதல் நிறுவனம் அது. 2002இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. தரம் என்பது கடைசியில் நிற்கும் பரிசோதகரின் வேலை என்ற எண்ணத்தை விட்டு, இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியின் அறிவை நம்பியதன் விளைவு என்றே அதை நான் பார்க்கிறேன்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் முதலாளிகளாகவும் இருக்கிறோம், மேற்பார்வையாளர்களாகவும் இருக்கிறோம். சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை, நகைக்கடை, உணவகம், சரக்கு நிறுவனம், துவாஸில் பட்டறை என்று நம்மவர் பலர் ஆள் வைத்து வேலை வாங்குகிறார்கள். பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது என்பது நாம் வளர்ந்த விதம். வீட்டில் அதற்கு ஓர் அழகு இருக்கலாம். பட்டறையில் அது ஆபத்து.

நான் சில காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் குழு ஒன்றில் இருக்கிறேன். ஒரு நாள் பாடத்துக்காக, உங்கள் வேலையைப் பற்றி நான்கு வரி சொல்லுங்கள் என்றேன். அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர், கட்டடத்தில் அச்சுப் பலகை அடிக்கும் வேலை. ஒரு தளத்தில் கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரித்து மேல்தளத்துக்கு ஏற்றுவார்கள். ஏறிய பலகைகள் கலந்துபோகும். எது எந்த மூலைக்கு என்று தேடுவதிலேயே காலை கழியும். "எங்க ஊர்ல சென்ட்ரிங் பிரிக்கிறப்பவே பெயிண்ட்ல நம்பர் போட்ருவோம்ணே. ஏத்துனதும் நம்பர் பாத்து மாட்டிட்டே போகலாம்" என்றார். சூப்பர்வைசரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "ஒருக்கா சொன்னேன். நீ வேலையப் பாருன்னாரு. அப்புறம் நமக்கெதுக்குண்ணே."

ஒரு டப்பா வண்ணப்பூச்சின் விலை என்ன? தினமும் பத்துப் பேர் பலகை தேடும் நேரத்துக்கு எவ்வளவு சம்பளம்? அந்த சூப்பர்வைசரை நான் குறை சொல்ல வரவில்லை. அவருக்கு மேலே ஒருவர் தேதியைச் சொல்லி அவரை நெருக்கிக்கொண்டிருப்பார். ஆனால் மூன்று சொற்களில் அவர் இழந்தது அந்த ஒரு யோசனையை மட்டும் அல்ல. அந்தத் தம்பி இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இழந்துவிட்டார். நாளைக்குச் சாரக்கட்டில் ஓர் ஆணி தளர்ந்திருப்பதைப் பார்த்தாலும் அந்தத் தம்பிக்கு "நமக்கெதுக்கு" என்றுதான் தோன்றும்.

எல்லாக் கட்டுமானத் தளங்களிலும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கிறது. வேலைக்கு இறங்குமுன் கூடி நின்று அன்றைய வேலையையும் அபாயத்தையும் சொல்லும் சிறு கூட்டம். பெரும்பாலும் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆங்கிலத்தில் சொல்வது பாதிப் பேருக்குப் புரிவதில்லை. புரிந்தவருக்கும் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தயக்கம். அந்தக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தைத் தமிழுக்கும் வங்காளத்துக்கும் சீனத்துக்கும் ஒதுக்கி, நேற்று என்ன இடைஞ்சலாக இருந்தது என்று கேட்டால் போதும். கேட்டதைக் குறித்துவைத்து, நாளைக் காலை அதே இடத்தில் நின்று அதற்கு என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். செலவு ஒரு குறிப்பேடு.

இதற்கு முதலாளிமார்களிடமிருந்து எனக்கு வழக்கமாக வரும் மறுப்பை நான் அறிவேன். எல்லாரும் பேச ஆரம்பித்தால் வேலை எப்போது நடக்கும் என்கிறார்கள். அது ஞாயமான கவலை. முடிவெடுக்கும் உரிமையைக் கூட்டத்துக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அது உங்களுடையதாகவே இருக்கட்டும். பார்க்கும் உரிமையையும் சொல்லும் உரிமையையும்தான் கேட்கிறேன். நூலக வாரியத்திலும் முடிவுகள் மேலே எடுக்கப்பட்டவைதான். அரவிந்தில் வெங்கடசாமி இருந்தவரை அவர் சொல்லுக்கு மறுசொல் அரிது. மேலே உறுதியும் கீழே பேச்சும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இந்த இரண்டும் போதுமான சான்று.

இன்னொன்று, பாராட்டைப் பற்றி. யோசனை நிறைவேறிய பிறகு அதில் யார் பெயர் இருக்கிறது என்பதை ஊழியர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். கீழே இருந்தவர் சொன்னதை மேலாளர் தம் பெயரில் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் அது ஓர் ஊழியரின் மனக்குறையோடு நிற்பதில்லை, அந்தத் தளம் முழுவதும் ஒரே நாளில் பரவிவிடும். பணப் பரிசு கொடுக்க வசதியில்லாத சிறிய கடைக்காரர்கூட, "இது நம்ம தம்பி சொன்னது" என்று வாடிக்கையாளர் முன் சொல்லலாம். அதற்குக் காசு வேண்டாம், மனம் போதும்.

இந்த அவையில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடந்த ஓராண்டில் யாரோ ஓர் ஊழியர் உங்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்லி, நீங்கள் 'பார்க்கலாம்' என்று விட்டது ஒன்றாவது இருக்கும். அவரை இந்த வாரத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்று சொன்னது என்ன என்று மறுபடி கேளுங்கள். செய்ய முடிந்தால் ஓர் இடத்தில் மட்டும் செய்து பாருங்கள். முடியாதென்றால் ஏன் முடியாது என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வரும்போது அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.